கழுவிப் பார்த்த போர்டு

மகனே,

நீ ரயில் ஏறிப் போனதிலிருந்து போனில் உன்னைப் பிடிக்கவே முடியவில்லை. எப்போது கூப்பிட்டாலும் "ஷிஃப்ட்ல இருக்கேம்மா, அப்புறம் பேசுதேன்" என்கிறாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. சரி, கடிதம் என்றால் காத்துக் கிடக்கும். நீ சாப்பிட்டு முடித்து, கோபம் ஆறி, கட்டிலில் காலை நீட்டின பிறகு படித்துக்கொள்ளலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அப்பா நன்றாக இருக்கிறார். கடையில் வேலைக்குக் குறைவில்லை. நானும் நன்றாக இருக்கிறேன். சொல்லப்போனால் இன்றைக்கு எனக்கு மனசு நிறைந்துதான் இருக்கிறது, ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன். நடுவில் உன்னைக் கொஞ்சம் வைவேன். பெற்றவள் வையாமல் வேறு யார் வைவது, பொறுத்துக்கொள்.

அன்றைக்கு நீ வந்து வாசலில் செருப்பை உதறின விதத்திலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று, பிள்ளை சரியில்லை என்று. சீலா மீன் குழம்பை ஊற்றினேன், தலை நிமிரவில்லை. மறுசோறு போட வந்தபோது தட்டைக் கையால் மறித்துக்கொண்டு, "தை மாசக் கல்யாணத்த நிறுத்திரலாமான்னு பாக்கேம்மா" என்றாய். ஏலே, என் கையிலிருந்த கரண்டி நழுவாதது ஆச்சரியம். மண்டபம் சொல்லியாகிவிட்டது, பட்டு எடுத்தாகிவிட்டது, சொந்தக்காரர் பாதிப் பேருக்கு வாயால் சொல்லியும் ஆகிவிட்டது. அதையெல்லாம் விடு. அந்தப் பிள்ளையை நாங்களா தேடிப் பிடித்தோம்? ஓசூரில் ஒரே கம்பெனியில் வேலை, உடன்குடிக்காரி, நம்ம பக்கத்துப் பேச்சு, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று நீயே கூட்டிவந்து எங்கள் முன்னால் நிறுத்தின பிள்ளை. அவள் பேரைச் சொல்லி வாய் ஓயாதவன், அன்றைக்கு "அவ", "அவ" என்று மட்டுமே சொன்னாய். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். உங்கள் கம்பெனியில் மின்சார ஸ்கூட்டருக்கு சர்க்யூட் போர்டு செய்கிறீர்கள். சின்னச் சின்னப் பாகங்களை மெஷினே ஒட்டிவிடுகிறது. தடித்த வயர் மாட்டுகிற பெரிய கனெக்டர்களை மட்டும் கையால் ஈயம் உருக்கிச் சால்டர் செய்ய வேண்டும், அந்தப் பகுதிக்கு நீ பொறுப்பு. அவள் சரிபார்க்கிற பகுதியில் இருக்கிறாள். ஈயம் பிடிக்க நீங்கள் போடுகிற ஃப்ளக்ஸ் பசை கழுவத் தேவையில்லாத வகை, அதனால் கழுவ வேண்டாம் என்பது கம்பெனி வழக்கம். கேமரா மேலிருந்து பார்க்கும், பாஸ் என்று சொல்லும், போர்டு பெட்டிக்குள் போய்விடும். அப்படிப் பாஸ் ஆன உன் போர்டுகளில் கொஞ்சத்தை அவள் எடுத்துக் கழுவி, லென்ஸுக்கு அடியில் சாய்த்துப் பார்த்து, டிரை சால்டர் இருக்கிறது, ஈயம் மேலாக உட்கார்ந்திருக்கிறதே தவிர உள்ளே பிடிக்கவில்லை, எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டாள். மீட்டிங்கில் பெரிய திரையில் உன் ஜாயிண்டைப் பூசணிக்காய் அளவுக்குக் காட்டியிருக்கிறார்கள். உன் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. அதில் ஒருவன், "சார், வீட்டம்மா இப்பவே ஆரம்பிச்சிட்டாங்க போல" என்று சிரித்திருக்கிறான். அதுதான் உனக்கு முள்ளாகக் குத்திவிட்டது. "கழுவ வேண்டாம்னு கம்பெனியே சொல்லுது. இவ எதுக்குக் கழுவுதா? என்னக் குத்தம் சொல்லணும்னே கழுவிருக்காம்மா" என்று கண் கலங்கினாய்.

அப்பாதான், "போர்டு ஏதும் வச்சிருக்கியாலே?" என்று கேட்டார். நீ பையிலிருந்து ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்து, "நீங்களே பாருங்கப்பா. இதுல என்ன குத்தம் இருக்குன்னு சொல்லுங்க" என்றாய். பார்க்கிறேன் என்றார். நீ சாயங்காலமே கிளம்பிவிட்டாய். பார்த்தோமா என்றால், பார்த்தோம். என்ன தெரிந்தது என்று சொல்வதற்கு முன்னால் உன் அப்பாவும் நானும் குடும்பம் நடத்தின கதையைக் கொஞ்சம் கேள். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நீ இந்தப் பக்கத்திலிருந்து கேட்டதில்லை.

உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு ஏரலில் இருந்து இந்த ஊருக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த மின்சார வேலை சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும்தான். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இதே கடை. மீன் கூட்டம் காட்டுகிற எக்கோ சவுண்டர், வழி காட்டுகிற ஜிபிஎஸ், படகுக்குப் படகு பேசுகிற வயர்லெஸ் செட், எது பழுதானாலும் அங்கேதான் வரும். அவர் சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. ஆனால் ஈயம் வைத்து முடித்த உடனேயே அந்தப் போர்டு மேல் இருந்த பாசமும் முடிந்துபோகும். கழுவ மாட்டார். ஈயம் பிடிப்பதற்காகப் போடுகிற ஃப்ளக்ஸ் சூட்டில் உருகி, ஆறினதும் கருப்பட்டிப் பாகு மாதிரி பளபளவென்று ஜாயிண்டுகளின் மேல் படிந்து கிடக்கும். உள்நாட்டில் என்றால் அது பாட்டுக்குக் கிடக்கட்டும். நம் ஊர்க் காற்றில் சும்மா இருக்குமா? உப்பும் ஈரமும் அதில் வந்து ஒட்டிக்கொண்டு, கொஞ்ச நாளில் பச்சை பூத்துவிடும். சரிசெய்து கொடுத்த செட் திரும்பி வரும். "பாத்திரம் கழுவுத கைதான, இதையும் சேத்துக் கழுவிரு" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். புதுப்பெண்டாட்டியிடம் பேசுகிற பேச்சா இது? "ஈயம் உருக்குத கைதான, நீங்களும் வந்து ரசம் வைங்க" என்றேன். சொல்லிவிட்டுக் கழுவவும் செய்தேன். கழுவக் கழுவ அந்த வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று.

கழுவுகிறவள் கண்ணை மூடிக்கொண்டு கழுவ முடியாது அல்லவா? அழுக்குப் போனதும் அடியில் இருப்பது தெரியும். அரிசியில் கல் பார்க்கிற மாதிரிதான். வரிசையாக எல்லாம் ஒரே மாதிரி மினுங்கும்போது ஒன்று மட்டும் மங்கலாக, நொய் நொய்யாக இருந்தால் கண் அங்கே போய் நின்றுவிடும். "இங்கேருங்க, இதுல என்னமோ சரியில்ல" என்பேன். "எதுல?" என்பார். போர்டில் சொருகுகிற கம்பிக் கால்களில் எதற்கு என்ன பேர் என்று எனக்கு எங்கே தெரியும்? அதனால் நெற்றிக்கு வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, சரியில்லாத ஜாயிண்டுக்குப் பக்கத்தில் ஒன்று ஒட்டிவிட்டேன். அது வசதியாக இருந்தது. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. ஒருநாள் விசைப்படகுக்காரர் ஒருவர் தன் வயர்லெஸ் செட்டுக்காகக் கடையில் வந்து நின்றார். நான் கழுவி முடித்து, அவர் கண் முன்னாலேயே வரிசையாகப் பொட்டை ஒட்டி அப்பா கையில் கொடுத்தேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னவே, போர்டுக்கு அம்மை போட்டிருக்கு!" என்று கடை அதிரச் சிரித்தார். உன் அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். செட்டைச் சரிசெய்து கொடுத்தார், கடையைச் சாத்தினார், வீட்டுக்கு வந்தார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க என்னிடம் பேச வேண்டியதை எல்லாம் காலண்டரிடம் பேசினார். "சோறு ஆயிட்டா?" என்று காலண்டரைப் பார்த்துக் கேட்பார். நானும் காலண்டரைப் பார்த்தே "ஆயிட்டு" என்பேன்.

கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார். கடையில் நான் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "ஏளா, பொட்டு ஒட்டு, நான் வேண்டாங்கல. ஆளு முன்னால ஒட்டாத" என்றார். அதில் நியாயம் இருந்தது, ஒத்துக்கொண்டேன். அன்றைக்கு நாங்கள் பேசிக்கொண்டதுதான் இன்று வரைக்கும் நம் கடைச் சட்டம். ஈயம் வைத்தவர் பாஸ் என்று சொல்லக் கூடாது, கழுவினவள்தான் சொல்ல வேண்டும். அவள் அதை வெளியாள் காதில் விழாமல் சொல்ல வேண்டும். இந்தச் சட்டம் ஒரே ஒரு தடவை தவறினது. நான் ஏரலுக்குப் போயிருந்த சமயம், படகு கிளம்புகிற அவசரம் என்று ஒரு மாதா கோவில் தெருக்காரர் நின்று நெருக்கினார் என்று, இவர் ஈயம் வைத்த கையோடு செட்டை மாட்டிக் கொடுத்துவிட்டார். கழுவவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. நடுக்கடலில் என்ஜினும் நின்று, செட்டும் வாயடைத்துப் போயிற்று. வேறொரு படகு கண்ணில் பட்டு, கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கரைக்கு வந்தவர் கடைக்கு வந்தார். நான் அவர் கத்துவார் என்று நினைத்தேன். "தங்கச்சி, வீட்டுப் பொம்பளைய எல்லாம் மாதா கோவில்லயே கெடந்திருக்காளுவ" என்று மட்டும் சொல்லி, செட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதைக் கழுவிப் பார்த்தோம். ஈயம் பிடிக்காமல், காய்ந்த ஃப்ளக்ஸ்தான் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. என்ஜின் அதிர்வில் விட்டுவிட்டது. அன்றைக்கு உன் அப்பா சாப்பிடவில்லை.

அவர் மட்டும்தான் தப்புப் பண்ணுவார் என்று நினைத்துக்கொள்ளாதே. உப்பளத்தைப் பார்த்த வாடகை வீட்டில் நாம் இருந்தது உனக்கு நினைவு இருக்கும். ஒரு தடவை வேலை குவிந்துகிடந்தது. வீட்டிலேயே போர்டுகளைக் கழுவி, சீக்கிரம் காயட்டும் என்று மொட்டைமாடியில் துணிக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கினேன். வெயில் நன்றாக அடித்தது, காற்றும் நன்றாக அடித்தது. என் சமர்த்தை நானே மெச்சிக்கொண்டேன். கொஞ்ச நாளில் அந்தச் செட்டுகள் எல்லாம் ஊர்வலம் மாதிரி திரும்பி வந்தன. போர்டு மேல் மாவு தூவின மாதிரி வெள்ளை. நான் கழுவுகிற ஸ்பிரிட் சரியில்லை என்றேன், பிரஷ் சரியில்லை என்றேன், அப்பா வைத்த ஈயம் சரியில்லை என்று கூடச் சொன்னேன். அவர் ஒரு போர்டை எடுத்து நாக்கு நுனியால் தொட்டார். "உப்புக் கரிக்கு ஏளா" என்றார். நான் நம்பாமல் நானும் தொட்டேன். உப்புதான்! உப்பளத்துக் காற்றில் கழுவின போர்டைக் காயப்போட்டு, கருவாடு மாதிரி பதம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். (ஈயம் பட்ட சாமானை நாக்கில் வைக்கவே கூடாது, நீ செய்து தொலைக்காதே.) மறுநாளே அப்பா மூடியோடு ஒரு தகரப் பெட்டி செய்து, உள்ளே குண்டு பல்பு மாட்டிக் கொடுத்தார். இன்றைக்கும் போர்டு அதில்தான் காய்கிறது.

இனி உன் போர்டுக்கு வருகிறேன். நீ போன மறுநாள் கடையைத் திறந்ததும் அதைத்தான் எடுத்தோம். ஒளிக்காமல் சொல்கிறேன், உன் பக்கம்தான் நியாயம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டுதான் நான் லென்ஸை இழுத்தேன். பெற்ற வயிறு அப்படித்தான் இருக்கும், அதற்கு என்ன செய்ய? பார்த்தால், என் ராசா, ஒவ்வொரு ஜாயிண்டும் நெய் ஊற்றின மாதிரி மினுங்குகிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஏங்க, நம்ம பய மேல ஒரு தப்பும் இல்ல. அந்தப் பிள்ளதான் வேணும்னு பண்ணிருக்கா" என்றேன். அப்பா வேறொரு செட்டைத் திறந்துகொண்டே, தலையைத் தூக்காமல், "கழுவிட்டியா?" என்றார். "கழுவ வேண்டாம்னு அவங்க கம்பெனியே சொல்லுதாம்லா" என்றேன். "அது கம்பெனி. இது நம்ம கடை" என்றார்.

கழுவினேன். ஸ்பிரிட்டை விட்டுப் பிரஷால் மெள்ளத் தேய்த்து, போர்டைச் சாய்த்துப் பிடித்து, புது ஸ்பிரிட்டை மேலிருந்து ஊற்றி, கரைந்த அழுக்கைக் கீழே ஓடவிட்டேன். பல்புப் பெட்டியில் வைத்துக் காயவிட்டு, திரும்ப லென்ஸுக்கு அடியில் கொண்டுவந்து, வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் சாய்த்தேன். மினுமினுப்பு எல்லாம் ஃப்ளக்ஸோடு ஓடிப்போயிருந்தது. அந்தப் பெரிய கனெக்டரின் கால் ஒன்றைச் சுற்றி, நகத்தால் கீறின மாதிரி ஒரு மெல்லிய வட்டக் கோடு. ஈயம் தனியாக, கால் தனியாக. நான் எழுந்து நகர்ந்துகொண்டேன். அப்பா வந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பய அவசரப்பட்டுட்டான். தடிச்ச காலுக்குச் சூடு ஏறுமுன்ன அயர்ன எடுத்துட்டான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கே அந்த அவசரம் ஒருநாள் வந்தது அல்லவா, அந்தக் குரலில் சொன்னார். அந்தப் போர்டு ஸ்கூட்டரில் ஏறி, மேடு பள்ளத்தில் குலுங்கி, ஒரு மழை நாளில் நடுரோட்டில் நின்றிருந்தால் என்ன ஆகும் என்று நீயே யோசித்துக்கொள். பின் சீட்டில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியுமா?

"தப்பு என்னோடதுதான்னு எனக்கும் தெரியும்மா, ஆனா அவ சொல்லலாமா?" என்று நீ உள்ளுக்குள் முனகுவது எனக்கு இங்கே கேட்கிறது. ஏனென்றால் போன மாசம் நானும் இதேதான் முனகினேன். உன்னிடம் சொல்லவில்லை. ஒரு ஜிபிஎஸ் போர்டைக் கழுவிப் பார்த்துப் பாஸ் என்று வைத்துவிட்டு டீ வாங்கப் போனேன். வந்து பார்த்தால் அதன் மேல் ஒரு பொட்டு! என் அட்டையிலிருந்தே எடுத்து உன் அப்பா ஒட்டியிருக்கிறார். இரண்டு காலுக்கு நடுவில் மயிரிழை ஈயம் ஒன்று பாலம் போட்டு நிற்கிறது, நான் அதைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். வெள்ளெழுத்து, வேறு என்ன? வயசு வந்தால் அதுவும் வரத்தானே செய்யும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! "எனக்கேவா? உங்க கண்ணு மட்டும் என்ன பருந்துக் கண்ணா?" என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு மத்தியானம் அவருக்கு வெறும் மோர்ச்சோறும் ஊறுகாயும்தான். எனக்கும் அதேதான், வேறு எதையும் சமைக்கப் பிடிக்கவில்லை. அதைத் தின்றுகொண்டிருக்கும்போதுதான் யோசித்தேன். இதையே கடைக்கு வந்த மெக்கானிக் ஒருவன் காட்டியிருந்தால், சரிப்பா என்று சிரித்திருப்பேன். காட்டினது என் ஆள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் ஆள் இல்லாமல் வேறு யார் எனக்காக அந்தப் போர்டை இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்பார்கள்? சாயங்காலம் கண் டாக்டரிடம் அவர்தான் கூட்டிப்போனார். புதுக் கண்ணாடி நன்றாக இருக்கிறது. இப்போது நான் பார்த்ததை அவரும் ஒரு பார்வை பார்த்துத்தான் கொடுக்கிறோம், எனக்கு இதில் ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நீ கோபப்பட்டாலும் படு. அவள் எதுக்குக் கழுவினாள் என்று கேட்டாயே, அதற்குப் பதில் என்னிடம்தான் இருக்கிறது. நிச்சயம் முடிந்து கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளை எனக்குப் போன் போட்டது. மீன் குழம்புக்குப் பக்குவம் கேட்கப்போகிறாள் என்று நினைத்து நான் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். "அத்தே, நீங்க போர்டு எப்படிக் கழுவுவீக?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவிய அடிக்கடி சொல்லுவாவ அத்தே, எங்கம்மா கழுவாம ஒரு போர்டையும் பாக்க மாட்டாகன்னு. அவ்வளவு பெருமை அவியளுக்கு" என்றாள். ஏலே, என்னைப் பற்றி நீ அப்படிப் பேசிக்கொண்டு திரிந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "இங்கன உப்புக் காத்துக்காகக் கழுவுதோம்மா. உங்க ஊருக்கு அது தேவையில்லையே" என்றேன். "காத்துக்குத் தேவையில்ல அத்தே. கண்ணுக்குத் தேவைதான?" என்றாள். பிறகு நான் விடுவேனா? பிரஷ் எப்படி இருக்க வேண்டும், எப்படிச் சாய்க்க வேண்டும், இரண்டாவது தடவை ஏன் புது ஸ்பிரிட் ஊற்ற வேண்டும், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது. ஆகவே நீ யார் மேலாவது கோபப்பட வேண்டும் என்றால் வரிசையில் முதலில் நீ நிற்க வேண்டும், அடுத்தது நான். அவள் எங்களுக்குப் பின்னால்தான் வருவாள்.

நீ போய் அவளிடம் மன்னிப்புக் கேள் என்று சொல்ல மாட்டேன். உனக்கு அது வரவும் வராது, நீ கேட்டால் அதுவே அடுத்த சண்டைக்குக் காரணமாகும். நீ ஈயம் வைத்த போர்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அவள் மேஜையில் வைத்து, "பாரு" என்று சொல். அவள் கழுவி, காயவைத்து, பார்த்து முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நில். கஷ்டமாகத்தான் இருக்கும். உன் அப்பா இத்தனை வருஷமாக நிற்கிறார், அவரைக் கேட்டுப் பார்.

இன்றைக்குக் காலையில் நானே அவளைக் கூப்பிட்டேன். உன் பக்கத்து நியாயத்தையும் ஒருத்தர் சொல்ல வேண்டுமே. "அத்தன பேரு முன்னால பெரிய திரையில போட்டது எனக்குப் பிடிக்கலம்மா" என்றேன். "அத மேனேஜர்தான் போட்டாரு அத்தே. ஆனா முதல்ல நான் அவியளக் கூப்பிட்டுக் காட்டிருக்கணும், அது எந் தப்புதான். இனிமே அப்படியே செய்யுதேன்" என்றாள். கல்யாணத்தை நிறுத்துகிறது பற்றி நீ அவளிடமும் சொல்லிவிட்டாயாம். அதைச் சொல்லும்போது அவள் குரல் கம்மிப்போயிற்று, மூக்கை உறிஞ்சுகிறது எனக்குக் கேட்டது. இருந்தாலும் பார்ப்போம் என்று ஒன்று கேட்டேன். "இங்க பாரும்மா, மத்தவங்க போர்ட நீ எப்படி வேணும்னாலும் பாரு. இவன் போர்ட மட்டும் இனிமே கழுவாம விட்டிரு. வீட்டுல நிம்மதியா இருக்கலாம்லா?" என்றேன்.

அழுகிற குரலிலேயே, "அது மட்டும் முடியாது அத்தே. கல்யாணம் நின்னாலும் சரி, கழுவித்தான் பாப்பேன்" என்றாள்.

போனை வைத்த கையோடு அச்சகத்து அண்ணாச்சியைக் கூப்பிட்டு, கல்யாணப் பத்திரிகையை அடித்துவிடச் சொன்னேன்.

உன் அம்மா